மஹாலியா ஜாக்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஹாலியா ஜாக்சன் யாரு?

அமெரிக்காவோட காஸ்பெல் பாடகி. காஸ்பெல்னா அங்க கறுப்பின மக்களோட சர்ச்சுகள்ல பிறந்து வளர்ந்த கிறிஸ்தவப் பாட்டு. 1911 அக்டோபர் 26-ல நியூ ஆர்லியன்ஸ்ல பிறந்தாங்க, 1972 ஜனவரி 27-ல சிகாகோ பக்கத்துல இறந்தாங்க, வெறும் 60 வயசு. ஊர்த் துணி துவைச்ச கை, ஹோட்டல் ரூம் கூட்டின கை, அதே ஆளு நியூயார்க்கோட பேர்போன கச்சேரி அரங்கமான கார்னகி ஹால்ல பாடினாங்க, கென்னடி பதவியேத்தப்ப பாடினாங்க, மார்ட்டின் லூதர் கிங் பேசின மேடையில அவருக்குக் கொஞ்சம் முன்னாடி பாடினாங்க. ப்ளூஸ் (கறுப்பின மக்களோட சோகம் சொல்ற, சர்ச்சுக்கு வெளிய வளர்ந்த பாட்டு) பாடு, நைட் கிளப்புல பாடு, காசு கொட்டும்னு எத்தனையோ பேர் கூப்பிட்டும் போகல. அவங்களைப் பத்தி எனக்குப் பேசணும்னு தோணுறதே இந்த "போகல"க்காகத்தான்.

சின்ன வயசு எப்படி இருந்துச்சு?

கஷ்டம்தான். மிசிசிப்பி ஆத்தங்கரைய ஒட்டின ஏரியா, மூணு ரூம் வீடு, அதுல 13 பேர். அப்பா ஜானி ஜாக்சன் துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு, முடி வெட்டினாரு, அப்புறம் பிரசங்கமும் பண்ணினாரு, ஆனா இவங்களோட ஒரே வீட்டுல இல்ல. அம்மா பேரு சேரிட்டி. இவங்களுக்கு அஞ்சு வயசு இருக்கும்போதே அம்மா தவறிட்டாங்க. அப்புறம் வளர்த்தது பெரியம்மா, எல்லாரும் அவங்கள டியூக் பெரியம்மான்னுதான் கூப்பிடுவாங்க, ரொம்ப கண்டிப்பு. வேலை முடியலைன்னா அடி, வீட்டுல சர்ச் பாட்டு தவிர வேற பாட்டு கூடாது. பிறக்கும்போதே கால் ரெண்டும் வளைஞ்சு இருந்துச்சாம், டாக்டர் எலும்ப உடைச்சு நேராக்கலாம்னு சொன்னப்ப வீட்டுல ஒத்துக்கல, எண்ணெய்யும் பாத்திரம் கழுவின தண்ணியும் போட்டுத் தேய்ச்சே வளர்த்துட்டாங்க. பள்ளிக்கூடம் பாதியிலயே நின்னு போச்சு.

அந்தக் குரல் எங்க இருந்து வந்துச்சு, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க?

முறையா யார்கிட்டயும் கத்துக்கல, இசைக் குறிப்பு படிக்கவும் தெரியாது. ஆனா மூணு இடத்துல இருந்து அந்தக் குரலுக்குத் தண்ணி வந்துச்சு.

ஒண்ணு அவங்களோட சொந்த பாப்டிஸ்ட் சர்ச். அங்க பழைய ஞானப்பாட்டுகள ரொம்ப நிதானமா, தாளமே இல்லாத மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து இழுத்துப் பாடுவாங்க, கூட்டம் மொத்தமும் முனகுற மாதிரி இருக்கும். ரெண்டாவது பக்கத்துலயே இருந்த இன்னொரு சபை, பரிசுத்த ஆவி இறங்கி ஆடிப்பாடுற சபை. அங்க ஆர்கனும் கிடையாது கொயரும் (பாடகர் குழு) கிடையாது, டிரம், கஞ்சிரா மாதிரி இருக்கற தாம்பூரின், காலால தரையத் தட்டுறது, அவ்ளோதான், ஆனா அந்த பீட் அவங்க உடம்புக்குள்ள போயி உக்காந்துடுச்சு. மூணாவதா பெஸ்ஸி ஸ்மித். ப்ளூஸ் மகாராணி. பெரியவங்க வெளிய போன நேரம் பாத்து பெஸ்ஸி ஸ்மித் ரெக்கார்ட போட்டு விட்டுட்டு தரை தேய்ப்பாங்களாம், வேலை சீக்கிரம் முடியும்னு. ஒரு சின்னப் பொண்ணு முட்டி போட்டு தரை தேய்ச்சுக்கிட்டே, வாசல் பக்கம் ஒரு காத வெச்சுக்கிட்டு, அந்த மூச்சு விடுற இடத்தையும் குரல் வளையுற இடத்தையும் உள்ள வாங்கிக்கிட்டிருக்கா. வார்த்தைய சர்ச்சுல இருந்து எடுத்துக்கிட்டாங்க, வார்த்தைய எப்படி வளைக்கணும்ங்கறத பெஸ்ஸிகிட்ட இருந்து எடுத்துக்கிட்டாங்க. "ப்ளூஸ் பாடமாட்டேன்"னு சொன்ன ஆளோட குரல்லயே ப்ளூஸ் இருக்குன்னு கேக்குற யாருக்கும் தெரியும். நான் இத முரணா பாக்கல. பாட்டு எங்க போய்ச் சேருதுங்கறதுதான் அவங்களுக்கு விஷயம்.

சிகாகோவுக்கு ஏன் போனாங்க?

அப்ப தெற்குல இருந்து கறுப்பின மக்கள் லட்சக்கணக்குல வடக்கு நகரங்களுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க, நிறவெறிச் சட்டம் ஒரு பக்கம், கூலி இல்லாதது ஒரு பக்கம். அந்த அலையில இவங்களும் 1920-கள் கடைசியில, பதினாறு வயசு சுமாருக்கு சிகாகோ போனாங்க. நர்ஸுக்குப் படிக்கணும்னு ஆசை, ஆனா போய் செஞ்சது வீட்டு வேலையும் துணி துவைக்கிறதும்தான். கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் சர்ச்ல கொயர்ல சேந்தாங்க, அங்கயே பாஸ்டரோட பசங்க கூட ஜான்சன் சிங்கர்ஸ்னு ஒரு குரூப். அந்த ஊர்ல காஸ்பெல் பாடுறதுக்குன்னே அமைஞ்ச முதல் குரூப்கள்ல அது ஒண்ணு.

சிகாகோ சர்ச்சுகள்ல எதிர்ப்பு இருந்துச்சாமே?

இருந்துச்சு, அதுவும் சொந்த ஜனங்ககிட்ட இருந்தே. அங்க ஏற்கனவே செட்டில் ஆன வசதியான கறுப்பினச் சபைகள்ல மேற்கத்திய கிளாசிக்கல் பாணியில அடக்கமா பாடுறதுதான் கௌரவம். இவங்க கை தட்டி, உடம்பு ஆடி, சத்தமா பாடினா தெற்கத்தி நாட்டுப்புறத்து ஆளுன்னு முகம் சுளிப்பாங்க. ஒரு பாஸ்டர் பிரசங்க மேடையில இருந்தே கண்டிச்சிருக்காரு, இவங்களும் அங்கயே எழுந்து, நான் பிறந்ததே இதைப் பாடத்தான், வேதாகமத்துல இருக்கறதைத்தான் செய்யறேன்னு பதில் சொல்லியிருக்காங்க. 47-ஆம் சங்கீதத்தோட முதல் வரியே "சகல ஜனங்களே, கைகொட்டி"ன்னுதானே ஆரம்பிக்குது! பாட்டு வாத்தியார் ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு கிளாஸ் போனாங்க, 4 டாலர் ஃபீஸ், அன்னைக்கு அவங்களுக்கு அது பெரிய காசு. இப்படிக் கத்தாதே, வெள்ளைக்காரங்களுக்குப் புரியற மாதிரி பாடுன்னு அவர் சொன்னாரு. அதோட திரும்பிப் போகல.

தாமஸ் டோர்சிக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?

டோர்சியை காஸ்பெலோட தந்தைன்னு சொல்லுவாங்க. அவரே முன்னாடி ஜார்ஜியா டாம்ங்கற பேர்ல மா ரெய்னிங்கற ப்ளூஸ் பாடகிக்கு பியானோ வாசிச்ச ப்ளூஸ் ஆளு, ஆபாசப் பாட்டெல்லாம்கூட போட்டவரு. 1932-ல பிரசவத்துல மனைவி போயிட்டாங்க, குழந்தையும் போயிடுச்சு, அந்தத் துக்கத்துல எழுதினதுதான் "டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்". கையப் புடிச்சு நடத்துங்க ஆண்டவரேன்னு கெஞ்சுற பாட்டு. அவரு எழுதின பாட்டுகளை ஊர் ஊரா, சர்ச் சர்ச்சா, சில நேரம் தெருமுனையிலயே நின்னு பாடிக் காட்டுறது மஹாலியா, பாட்டு பிரிண்ட் பண்ண தாளை விக்கிறது டோர்சி. ரேடியோ, ரெக்கார்ட் எல்லாம் கைக்கு எட்டாத காலத்துல ஒரு பாட்டு பரவுனது இப்படித்தான்.

ஸ்பிரிச்சுவல்ஸ்னும் சொல்றாங்களே, அதுவும் காஸ்பெலும் ஒண்ணா?

இல்ல. ஸ்பிரிச்சுவல்ஸ் அடிமைக் காலத்துப் பாட்டு, எழுதினது யாருன்னு தெரியாது. காஸ்பெல் 1920, 30-கள்ல வந்தது, எழுதினவர் பேர் இருக்கும். மஹாலியா ரெண்டும் பாடினாங்க.

ப்ளூஸ் பாடவே மாட்டேன்னு ஏன் அவ்ளோ பிடிவாதம்?

இதுக்கு ரெண்டு சம்பவம் சொல்லணும். 1930-கள்ல அவங்க தாத்தா சிகாகோ வந்திருந்தாரு. வெயில்ல அவரை வற்புறுத்தி போட்டோ எடுக்கக் கூட்டிட்டுப் போக, அவரு மயங்கி விழுந்து பேச்சு மூச்சில்லாம கிடந்தாரு. என்னாலதான் இப்படி ஆச்சுன்னு அழுது, தாத்தா பொழைச்சா இனி தியேட்டர் பக்கமே போகமாட்டேன்னு வேண்டிக்கிட்டாங்க. அவரு பொழைச்சுட்டாரு, இவங்க வேண்டுதலைக் காப்பாத்தினாங்க.

அடுத்தது முதல் புருஷன் ஐசக் ஹாக்கன்ஹல் விஷயம். 1936-ல கல்யாணம். படிச்சவரு, கெமிஸ்ட், ஆனா அந்தப் பொருளாதார மந்த காலத்துல வேலை கிடைக்காம அல்லாடினாரு, குதிரைப் பந்தயப் பழக்கம் வேற. உன் குரலுக்கு சர்ச்சுல கத்துறது வேஸ்ட்னு ஓயாம சொல்லுவாரு. கறுப்பினக் கலைஞர்களை வெச்சு "ஸ்விங் மிகாடோ"ன்னு ஒரு இசை நாடகம் சிகாகோவுல தயாராச்சு, வீட்டுல காசே இல்லாததால அவரு சொல்லைத் தட்டமுடியாம ஆடிஷன் போனாங்க, செலக்ட்டும் ஆயிட்டாங்க. வீட்டுக்கு வந்தா, எனக்கு வேலை கிடைச்சிடுச்சுன்னு புருஷன் சொல்றாரு. அந்த நிமிஷமே, அப்ப நான் போகலன்னுட்டாங்க! 1941-ல விவாகரத்து. ப்ளூஸ் பத்தி அவங்க அடிக்கடி சொன்ன கருத்து என்னன்னா, ப்ளூஸ் பாடி முடிச்சாலும் அந்த சோகம் உன்கூடயேதான் இருக்கும், காஸ்பெல் பாடினா வழி இருக்குன்னு ஒரு நம்பிக்கை வரும்ங்கறதுதான். வேண்டாம்னு சொன்னப்ப அவங்க வீட்டுல அடுத்த வேளைக்கு என்னன்னு தெரியாத நிலைமை, அதையும் சேத்துப் பாத்தாத்தான் அந்த "வேண்டாம்"க்கு எவ்ளோ கனம்னு புரியும்.

அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்ணினாங்க?

முடி அலங்காரம் படிச்சு சொந்தமா பியூட்டி பார்லர் வெச்சாங்க, அப்புறம் ஒரு பூக்கடையும். வாரம் முழுக்க சுடுசீப்பும் கையுமா நின்னுட்டு, வீக்கெண்ட்ல வெளியூர் சர்ச்சுல பாட்டு. இவங்க பாட்டைக் கேக்கறவங்களேதான் பார்லர் கஸ்டமரும், சாவு வீட்டுக்கு இவங்ககிட்ட பூ வாங்குறவங்க அடக்க ஆராதனையில இவங்களையே பாடவும் சொல்லுவாங்க. வியாபாரத்துல ரொம்ப கெட்டி. பிற்காலத்துலயும் சம்பளத்தை ரொக்கமா வாங்கித்தான் பழக்கம், தெற்குல செக் குடுத்து ஏமாத்தினது நிறைய நடந்ததால வந்த பழக்கம் அது.

முதல் பெரிய ஹிட் எது?

1937-ல டெக்கா ரெக்கார்ட் கம்பெனிக்கு சில பாட்டு பாடினாங்க, ஓடல. டெக்கா ப்ளூஸ் பாடச் சொன்னுச்சு, முடியாதுன்னதும் விட்டுட்டாங்க. அப்புறம் 1946-ல அப்பல்லோன்னு ஒரு சின்னக் கம்பெனி. 1947 செப்டம்பர்ல பதிவு பண்ண "மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்"தான் வெடிச்சது. எழுதினவரு மெம்ஃபிஸ் பாஸ்டர் ஹெர்பர்ட் பிரூஸ்டர்.

அந்த ரெக்கார்டைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அன்னைக்கு இருந்தது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு, ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். இந்தப் பாட்டு அதுக்குள்ள அடங்காது. அதனால பாதிப் பாட்டு ஒரு பக்கம், மீதி மறுபக்கம். முதல் பக்கம் மெதுவா படி ஏறுற மாதிரி போகும், பாட்டு சூடு பிடிக்கிற நேரத்துல தட்டு நின்னுடும், எந்திரிச்சுப் போயி தட்டைத் திருப்பிப் போட்டு முள்ளை வெக்கணும், வெச்சதும் விட்ட இடத்துல இருந்து இன்னும் மேல ஏறும். கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம் மேலன்னு வர்ற பாட்டுக்கு அந்த இடைவெளியே அழகா அமைஞ்சிடுச்சுன்னு எனக்குத் தோணும். இப்ப ரெண்டையும் ஒட்டித்தான் போடுறாங்க, ஆனா தனித்தனியாவும் கேட்டுப் பாருங்க. பத்து லட்சத்துக்கும் மேல வித்துச்சு, காஸ்பெலுக்கு அதுவரை யாரும் பாக்காத விற்பனை, கடைகள்ல சரக்கே தீந்து போச்சு.

வெள்ளைக்காரங்களுக்கு இவங்களைத் தெரிய வந்தது எப்படி?

சிகாகோ ரேடியோக்காரரு ஸ்டட்ஸ் டெர்க்கல் தன் நிகழ்ச்சியில விடாம போட்டாரு. 1950 அக்டோபர்ல கார்னகி ஹால்ல காஸ்பெல் கச்சேரி, இவங்கதான் முக்கியப் பாடகி, அந்த ஹால்ல அதுக்கு முன்னாடி எந்த காஸ்பெல் பாடகருக்கும் அப்படி ஒரு இடம் கிடைச்சதில்ல. கூட்டம் ஆர்ப்பரிச்சு எழுந்ததுல, நாம கார்னகி ஹால்ல இருக்கோம், பாத்து, வெளிய அனுப்பிடுவாங்கன்னு இவங்களே சொல்லி அமைதிப்படுத்த வேண்டியதாச்சு. 1952-ல ஐரோப்பா. 1954-ல கொலம்பியா கம்பெனியில சேந்தாங்க, சிபிஎஸ் ரேடியோவுல சொந்த நிகழ்ச்சியும் வந்துச்சு.

கொலம்பியா காலத்துப் பாட்டுகள் பத்தி என் கருத்து வேற. காசும் புகழும் அங்கதான் வந்துச்சு, ஆனா வயலின் கூட்டத்தையும் மெருகேத்தின கோரஸையும் பின்னாடி நிறுத்தி அவங்க குரலைக் கட்டிப் போட்டுட்டாங்க, மதத்தோட சம்பந்தமே இல்லாத மெல்லிசைப் பாட்டுகள் சிலதும் பாட வெச்சாங்க. அப்பல்லோ காலத்துல பெரும்பாலும் பியானோவும் ஆர்கனும்தான் இருக்கும், அந்தக் குரல் இஷ்டத்துக்கு நடக்கும். 1958-ல ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் கூட "கம் சண்டே" பாடினது மட்டும் விதிவிலக்கு, அது அபாரம்.

மில்ட்ரெட் ஃபால்ஸ் யாரு?

அவங்க பியானோக்காரம்மா. மஹாலியா ஒரே வரிக்கு மேடைக்கு மேடை வேற சங்கதி போடுவாங்க, எங்க இழுப்பாங்க எங்க வெட்டுவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, ஆனா மில்ட்ரெட் விரல் அங்க முன்னாடியே போய் நிக்கும். இடது கையில அந்த உருளுற பாஸ், வலது கையில பதில். இவ்ளோ பெரிய பங்குக்கு சம்பளம் ரொம்பக் குறைச்சல், பணத் தகராறுல கடைசியில பிரிஞ்சாங்க, பின்னால வசதியில்லாமத்தான் இறந்தாங்க. மஹாலியா மேல எனக்கு எவ்ளோ மதிப்பு இருந்தாலும் இது சரியில்ல. ரெக்கார்ட் கேக்கும்போது பியானோவையும் தனியா கவனிச்சுக் கேளுங்க.

நிறவெறி அவங்களை நேரடியா பாதிச்சுதா?

எவ்ளோ புகழ் வந்தும் விடல. தெற்குல டூர் போனா கார்லயே தூங்கணும், கார்லயே சாப்பாடு, கறுப்பினத்தவங்களுக்கு ரூம் குடுக்கற ஹோட்டல் கிடைக்கறதே கஷ்டம். முந்தின ராத்திரி எழுந்து நின்னு கை தட்டின ஊர்ல மறுநாள் ஒரு காபி கிடைக்காது. சிகாகோவுல மட்டும் என்ன வாழ்ந்துச்சு, 1956-ல சேத்தம் பகுதியில வெள்ளைக்காரங்க இருந்த தெருவுல வீடு வாங்கினாங்க, ஜன்னல்ல குண்டு சுட்டாங்க, போலீஸ் காவல் போட வேண்டியதாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வித்துட்டுப் போயிட்டாங்க.

மார்ட்டின் லூதர் கிங்கோட எப்படிப் பழக்கம்?

1956-ல பாப்டிஸ்ட் மாநாட்டுல கிங்கையும் அவரோட போராட்டத் தோழர் ரால்ஃப் அபர்நாத்தியையும் சந்திச்சாங்க. பஸ்ல கறுப்பினத்தவங்களைப் பிரிச்சு உக்கார வெச்சதை எதிர்த்து மாண்ட்கமரி ஊர்ல நடந்த பஸ் புறக்கணிப்புக்கு நிதி திரட்டப் பாட முடியுமான்னு அவங்க கேட்டாங்க, மஹாலியா போனாங்க, அதுக்குக் காசு வாங்கல. தங்கினது அபர்நாத்தி வீட்டுல. அவங்க கிளம்பின சில வாரத்துல அந்த வீட்டுல வெடிகுண்டு வெச்சாங்க. அதுக்கப்புறமும் கிங் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாங்க. மனசு உடைஞ்சு போன ராத்திரிகள்ல கிங் இவங்களுக்கு போன் பண்ணி பாடச் சொல்லுவாராம், இவங்க ரிசீவர்ல பாடுவாங்களாம். லட்சம் பேர் கேட்ட குரலை ஒரே ஒருத்தர் இருட்டுல போன்ல கேக்குறாரு, எனக்கு அவங்க பாடின எந்த மேடையையும் விட இதுதான் பெருசு.

1963-ல கிங் பேசிக்கிட்டிருந்தப்ப மஹாலியா "கனவைப் பத்திச் சொல்லு"ன்னு கத்தினது உண்மையா?

கிங்கோட பேச்சு எழுத உதவின கிளாரன்ஸ் ஜோன்ஸ் பக்கத்துல இருந்து கேட்டதா சொல்லியிருக்காரு. ஆகஸ்ட் 28, வாஷிங்டன், லிங்கன் நினைவிடம், ரெண்டரை லட்சம் பேர், நல்ல வெயில். கிங் கேட்டுக்கிட்டபடி முதல்ல ஒரு பழைய ஸ்பிரிச்சுவல், ஏச்சு வாங்கினேன் பேச்சு வாங்கினேன்ங்கற பாட்டு, ரொம்ப நிதானமா. அப்புறம் "ஹவ் ஐ காட் ஓவர்", இது துள்ளல், கூட்டம் கை தட்ட ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல ஒரு யூத குரு பேசினாரு, அடுத்து கிங்.

கிங் கையில எழுதி வெச்ச உரை இருந்துச்சு, அதுல கனவு பத்தி எதுவும் கிடையாது. அந்தக் கனவுப் பகுதியை அவரு அதுக்கு முன்னாடி டெட்ராய்ட் மாதிரி இடங்கள்ல பேசியிருக்காரு, மஹாலியா கேட்டிருக்காங்க. உரை முடியப் போற நேரம், பின்னாடி உக்காந்திருந்த இவங்க, கனவைப் பத்திச் சொல்லு மார்ட்டின்னு குரல் குடுத்தாங்க. கிங் தாளை ஒதுக்கி வெச்சாரு, "எனக்கொரு கனவு உண்டு"ன்னு பேச ஆரம்பிச்சாரு. கறுப்பினச் சபைகள்ல பிரசங்கம் நடக்கும்போது சும்மா உக்காந்து கேக்கற வழக்கமே கிடையாது, ஆமென், சொல்லு, இன்னும் சொல்லுன்னு பதில் குரல் வந்துக்கிட்டே இருக்கும், அந்தக் குரலைப் புடிச்சுத்தான் பிரசங்கியார் மேல ஏறுவாரு. அவங்க அன்னைக்கு செஞ்சதும் அதைத்தான், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல செய்யறதை தேசத்துக்கு முன்னாடி செஞ்சாங்க.

1968-ல கிங்கை சுட்டாங்க. சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவரு, இன்னைக்கு ராத்திரி கூட்டத்துல "பிரெஷியஸ் லார்ட்" வாசிங்கன்னு பென் பிராஞ்ச்ங்கற இசைக் கலைஞர்கிட்ட கேட்டிருந்தாரு. அட்லாண்டாவுல அடக்கத்தன்னைக்கு அந்தப் பாட்டை மஹாலியா பாடினாங்க.

இந்தியாவுக்கு வந்திருக்காங்களா?

வந்திருக்காங்க! 1971-ல, அமெரிக்க அரசு ஏற்பாட்டுல. கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ், பம்பாய் நாலு ஊர்லயும் கச்சேரி. டெல்லியில இந்திரா காந்தியையும் சந்திச்சாங்க. அதே வருஷம் ஜப்பான்ல அரச குடும்பத்துக்கு முன்னாடியும் பாடினாங்க. நம்ம மெட்ராஸ்ல அந்தக் குரலை நேர்ல கேட்டவங்க இருந்திருக்காங்கன்னு நினைச்சாலே எனக்கு ஏக்கமா இருக்கு.

உடம்பு எப்பவுமே சரியில்லாமயா இருந்துச்சு?

1952 ஐரோப்பா பயணமே உடம்பு முடியாம பாதியில நின்னதுதான், நுரையீரல்ல சார்காய்டோசிஸ்ங்கற அழற்சி நோய். 1964-ல இதயம் தொந்தரவு குடுத்துச்சு. அதே வருஷம் ரெண்டாவது கல்யாணம், இசைக் கலைஞர் சிக்மண்ட் கேலோவே, அது 1967-ல முறிஞ்சிடுச்சு. சர்க்கரை வேற. 1971 அக்டோபர்ல ஜெர்மனியில பாடினதுதான் கடைசிக் கச்சேரி, அங்கயே முடியாம போயி திரும்பினாங்க. சிகாகோவுல 50,000 பேர் வரிசையில நின்னு உடலைப் பாத்தாங்க, அந்த ஊர் அஞ்சலியில பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் அதே "பிரெஷியஸ் லார்ட்" பாடினாங்க. அப்புறம் நியூ ஆர்லியன்ஸ் கொண்டு போயி பக்கத்துல மெட்டரியில அடக்கம்.

விருது?

1960-கள் தொடக்கத்துல காஸ்பெலுக்குன்னு கிராமி குடுக்க ஆரம்பிச்சப்ப அந்த முதல் விருதே இவங்களுக்குத்தான். இறந்த பிறகும் கிராமி வந்துச்சு. 1997-ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், 1998-ல தபால் தலை.

புதுசா கேக்கறவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

முதல்ல "மூவ் ஆன் அப்". அடுத்து 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாக் கச்சேரி, மழை ராத்திரி, ஜாஸ் கேக்க வந்த கூட்டம், எப்படி மாத்தறாங்கன்னு பாருங்க.

அப்புறம் 1969-ல நியூயார்க்கோட ஹார்லெம் பகுதியில நடந்த கச்சேரி வீடியோ, ஐம்பது வருஷம் பெட்டியிலயே கிடந்துட்டு 2021-ல ஆவணப்படமா வந்தது. அன்னைக்கு மஹாலியாவுக்கு உடம்பு முடியல, நீ ஆரம்பிம்மான்னு இளம் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ்கிட்ட சொல்லிட்டாங்க. பாட்டு அதேதான், "பிரெஷியஸ் லார்ட்". மேவிஸ் ஆரம்பிக்கிறாங்க, கொஞ்ச நேரத்துல மஹாலியா எந்திரிச்சு வந்துடறாங்க, ஒரே மைக், அது இவங்க கைக்கும் அவங்க கைக்கும் மாறி மாறிப் போகுது, வார்த்தையே இல்லாம முனகலும் கத்தலுமா ஆயிடுது. மேவிஸ் முகத்தைப் பாருங்க அந்த நேரத்துல.